சர்வர் ரூம் கதவைத் திறந்துவிடுபவர் ஸ்டோரேஜ் படிக்கலாமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து 26 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். பத்தாவது வரை தமிழ் மீடியம், பிறகு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. நான்கு வருடமாக வேலந்தாவளம் வழியாகப் பஸ் பிடித்து, கோவையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஐ.டி. பிரிவுக்குப் போய்வருகிறார். கான்ட்ராக்ட் வேலை, மாதம் 17,500 ரூபாய். அன்றாடம் பிரின்டர், பாஸ்வேர்டு, கேபிள். சர்வர் ரூமில், எல்லா சர்வர்களின் டேட்டாவையும் வைத்திருக்கும் ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் மஞ்சள் விளக்கு எரிந்தால் கம்பெனி இன்ஜினியர் வருவார். "நான் கதவைத் திறந்துவிட்டு, அவர் முடிக்கும்வரை நின்று, டீ வாங்கிக் கொடுத்து, சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவேன். அவர் லேப்டாப்பில் என்ன தட்டுகிறார் என்று ஒன்றும் புரியாது" என்கிறார்.

அந்த ஸ்டோரேஜ் வேலையைப் படிக்க ஆசை. பெங்களூரில் ஒரு பயிற்சி நிலையம் 45 நாளுக்கு 85,000 ரூபாய் கேட்கிறது. பணம் முழுதும் கட்டி முடியும்வரை ஒரிஜினல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருக்குமாம். முடிவில் "2 வருட அனுபவச் சான்றிதழ்" தருவார்களாம். மச்சானோ, 28,000 ரூபாய்க்குப் பழைய ஃபைபர் சேனல் ஸ்விட்ச் (சர்வரையும் ஸ்டோரேஜையும் ஒளிக் கேபிளில் இணைப்பது) ஒன்று கிடைக்கிறது, வாங்கி வீட்டிலேயே பழகு என்கிறார். கிளவுட் வந்தபிறகு இதெல்லாம் செத்துப்போன படிப்பு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ முடிக்காமல் தொடக் கூடாது என்று ஒருவர். "எங்கிருந்து தொடங்குவது? பெட்டியின் பின்பக்கம் பார்த்தால் எல்லாமே இரண்டிரண்டாக இருக்கிறது. ஏன் என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

நண்பருக்கு,

வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் இந்தத் துறையின் முதல் பாடம். பெட்டியை இயக்கும் கன்ட்ரோலர் இரண்டு, ஸ்விட்ச் இரண்டு, சர்வரில் கார்டு இரண்டு, பவர் சப்ளை இரண்டு. எது ஒன்று போனாலும் வார்டில் இருக்கும் நர்ஸுக்கு அது தெரியக் கூடாது, அதற்காகத்தான். பாதி விஷயத்தைக் கண்ணால் பார்த்தே பிடித்துவிட்டீர்கள். மீதியை எப்படிப் படிப்பது என்று சொல்வதற்கு முன், கடிதத்தில் உள்ள சில எண்ணங்களைச் சரிசெய்துவிடுகிறேன்.

'சான்' என்றால் பெரிய டிஸ்க் பெட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டிக்குப் பெயர் ஸ்டோரேஜ் அரே. அதையும் சர்வர்களையும் இணைக்கும் தனி நெட்வொர்க்தான் சான் (ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க்). 'நாஸ்' என்ற இன்னொரு வகைப் பெட்டி கோப்பாகத் தருகிறது: "இந்த ஃபோல்டரில் இந்த எக்ஸ்ரே" என்று கேட்டால் கொடுக்கும், ஃபைல் சிஸ்டம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். சான் கட்டமாகத் தருகிறது: "இத்தனையாவது பிளாக்கிலிருந்து 8 கேபி" என்றுதான் சர்வர் கேட்கும், ஃபைல் சிஸ்டம் சர்வர் பக்கம் இருக்கும். ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் படங்கள் நாஸிலும், பில்லிங் டேட்டாபேஸ் சானிலும் இருப்பது சாதாரணம். இந்த ஒரு வேறுபாடு தெளிவாக இல்லாததால் இன்டர்வியூவில் முதல் ஐந்து நிமிடத்திலேயே தடுமாறுகிறவர்கள் நிறைய.

"எங்களிடம் ரெய்டு 5 இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்று மேனேஜர் சொல்கிறார்" என்ற வரியைப் படித்தபோது கொஞ்சம் பயமாகவே இருந்தது. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒரே குழுவாகச் சேர்ப்பது; ரெய்டு 5 ஒரு டிஸ்க் சாவதைத் தாங்கும். யாரோ தவறாக அழித்த டேபிளையும் ரான்சம்வேர் பூட்டிய கோப்பையும் அது அதே விசுவாசத்தோடு எல்லா டிஸ்க்கிலும் எழுதி வைக்கும். டேட்டாவின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது, பெட்டி போனால் அதுவும் போகும். மேனேஜரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "கடைசியாக ரீஸ்டோர் செய்து பார்த்தது எப்போது சார்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கிளவுட் வந்து இது செத்துவிட்டது என்பது அரை உண்மை. சிறு கம்பெனிகள் சொந்தப் பெட்டி வாங்குவது குறைந்திருக்கிறது. வங்கி, ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ், தொழிற்சாலை இவற்றில் ஃபைபர் சேனல் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. 64 ஜி (நொடிக்கு 64 கிகாபிட்) வேகம் வரை வந்துவிட்டது. கிளவுடுக்குப் போனாலும் பிளாக், ஃபைல் என்ற இதே பிரிவுதான், கூடவே ஆப்ஜெக்ட் என்று மூன்றாவது ஒன்று: அமேசானின் இபிஎஸ் பிளாக், இஎஃப்எஸ் ஃபைல், எஸ்3 ஆப்ஜெக்ட். பிளாக்குக்கும் ஃபைலுக்கும் வேறுபாடு தெரிந்தவர் அங்கேயும் பிழைத்துக்கொள்வார். சிசிஎன்ஏ இருந்தால் நல்லது, ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஐபி முகவரி, சப்நெட் (முகவரிகளின் குழு), விலேன் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) இந்த நான்கும் போதும். ஃபைபர் சேனலில் ஐபியே கிடையாது.

ஒரு எழுத்து டிஸ்க்கைச் சேரும் வழி

ஒவ்வொரு கம்பெனிப் பெட்டியின் மெனுவையும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை, மெனு மாறிக்கொண்டே இருக்கும். வரவேற்பில் ஒரு நோயாளியின் பெயரைத் தட்டி 'சேவ்' அழுத்தினால் அந்த எழுத்து எந்தெந்த இடத்தைக் கடந்து டிஸ்க்கைச் சேர்கிறது என்பதை ஒரு தாளில் வரையப் பழகுங்கள். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாம் இந்தத் தாளில் ஒட்டிக்கொள்ளும்.

டேட்டாபேஸ் எழுதச் சொல்கிறது. ஃபைல் சிஸ்டம் அதை பிளாக் எண்ணாக மாற்றுகிறது. மல்டிபாத் என்ற மென்பொருள் இருக்கிற பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. சர்வரில் செருகியிருக்கும் ஃபைபர் சேனல் கார்டான எச்பிஏ அதை ஒளியாக்கி அனுப்புகிறது. கடல்நீல நிறத்தில் நீங்கள் பார்த்த கேபிள் ஓஎம்3 அல்லது ஓஎம்4 வகை மல்ட்டிமோடு ஃபைபர். 16 ஜி வேகத்தில் ஓஎம்3 100 மீட்டர், ஓஎம்4 125 மீட்டர் வரை தாங்கும். மஞ்சள் கேபிள் சிங்கிள் மோடு, கிலோமீட்டர் கணக்கில் போகும். அதற்கான எஸ்எஃப்பி (கேபிள் முனையைச் செருகும் ஒளி மாட்யூல்) வேறு, இரண்டையும் கலந்து செருகக் கூடாது. அங்கிருந்து ஸ்விட்ச், பிறகு அரேயின் கன்ட்ரோலர்.

கன்ட்ரோலர் உடனே டிஸ்க்கில் எழுதுவதில்லை. தன் கேஷ் மெமரியில் வைத்து, அடுத்த கன்ட்ரோலரின் கேஷிலும் ஒரு நகல் வைத்து, "வந்துவிட்டது" என்று சர்வருக்குப் பதில் அனுப்புகிறது. டிஸ்க்கில் இறக்குவது பிறகு நிதானமாக நடக்கும். இதைப் புரிந்துகொண்டால் ஒரு புதிர் விடுபடும். ஒரு கன்ட்ரோலர் செத்துப்போனால் எதுவும் நிற்கவில்லை, ஆனால் எல்லாம் மெதுவாகிவிட்டது என்று புகார் வரும். நகல் வைக்க ஆளில்லாததால், பல பெட்டிகள் நேராக டிஸ்க்கில் எழுதி முடித்தபிறகே பதில் சொல்லும் நிலைக்கு இறங்கிவிடும். கேஷின் பேட்டரி போனாலும் இதேதான்.

டிஸ்க் பக்கம் கணக்கைக் கையால் போடப் பழகுங்கள். ரெய்டு 5-இல் சிறிதாக ஒன்றை எழுதினாலும் டிஸ்க்குகளுக்கு நான்கு வேலை: பழைய டேட்டாவைப் படி, பழைய பாரிட்டியை (செத்த டிஸ்க்கின் டேட்டாவைக் கணக்கிட்டு மீட்க உதவுவது) படி, புது டேட்டா எழுது, புது பாரிட்டி எழுது. ரெய்டு 6-க்கு ஆறு, ரெய்டு 10-க்கு இரண்டு. நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும் டிஸ்க் ஒன்று நொடிக்கு சுமார் 140 வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டால், 10 டிஸ்க்குக்கு 1,400. வேலையில் 70 சதவீதம் படிப்பது, 30 சதவீதம் எழுதுவது என்றால் ரெய்டு 5-இல் 1,400-ஐ 1.9-ஆல் (0.7 + 0.3 × 4) வகுங்கள்: 737. ரெய்டு 10-இல் 1.3-ஆல்: 1,077. ரெய்டு 6-இல் 2.5-ஆல்: 560. கொள்ளளவும் இப்படித்தான்: 12 டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டிபி, ஒன்று ஹாட் ஸ்பேர் (வேறொன்று செத்தால் அதன் இடத்துக்கு வரக் காத்திருப்பது), ரெய்டு 6 என்றால் மிஞ்சுவது 9 டிஸ்க், 36 டிபி. சர்வரில் போய்ப் பார்த்தால் 32.7 என்று காட்டும், யாரும் திருடவில்லை. டிஸ்க் விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், சர்வர் 1,024-ஆல் வகுக்கிறது.

நடுவில் உள்ள ஸ்விட்சுக்கு உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்ல ஓர் உவமை கையிலேயே இருக்கிறது. மூலத்தறைத் தடுப்பணையில் தண்ணீர் திறந்தால் அது எல்லா வயலுக்கும் போய்விடாது. எந்தக் கிளை வாய்க்காலுக்கு ஷட்டர் திறப்பது என்பது ஒரு முடிவு, அந்த வாய்க்காலில் யார் வயலுக்கு மடை திறப்பது என்பது இன்னொரு முடிவு. எந்த சர்வர் கார்டு எந்த அரே போர்ட்டோடு பேசலாம் என்று ஸ்விட்சில் செய்யும் ஜோனிங்தான் ஷட்டர். எந்த லன் (அரே ஒரு டிஸ்க்காகப் பிரித்துத் தரும் பகுதி) எந்த சர்வருக்குத் தெரியலாம் என்று அரேயில் செய்யும் லன் மாஸ்கிங்தான் மடை. இரண்டும் திறந்திருந்தால்தான் சர்வருக்கு டிஸ்க் தெரியும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறந்து மணிக்கணக்கில் தேடுவது இந்தத் தொழிலில் தினமும் நடக்கிறது.

ஃபைபர் சேனலுக்கும் ஈத்தர்நெட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண ஈத்தர்நெட் ஸ்விட்ச் நெரிசலில் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும், டிசிபி என்ற நெறிமுறை திரும்ப அனுப்பிக்கொள்ளும். ஃபைபர் சேனலில் காலிக் குடம் திரும்பி வந்தால்தான் அடுத்த குடம் போகும். இதற்கு பஃபர் கிரெடிட் என்று பெயர். கீழே போடுவது கிடையாது. அதனால் ஒரு சோம்பேறி சர்வர் குடத்தைத் திருப்பாமல் வைத்துக்கொண்டால், அதே வழியில் நிற்கும் மற்ற சர்வர்களும் காத்துக்கிடக்கும்.

லேப்டாப்பிலேயே ஒரு சான்

மச்சான் சொல்லும் ஸ்விட்சை வாங்காதீர்கள். அந்த வயதுப் பெட்டிகளில் 24 போர்ட் கண்ணுக்குத் தெரிந்தாலும் லைசென்ஸ் இருப்பது 8-க்கு மட்டும் என்பது சகஜம். எஸ்எஃப்பி தனியாக வாங்க வேண்டும். பெரும்பாலும் அந்தக் கம்பெனி முத்திரை இல்லாததை ஸ்விட்ச் ஏற்காது. எச்பிஏ கார்டு செருக லேப்டாப்பில் இடமே இல்லை, பழைய டெஸ்க்டாப் இரண்டு வேண்டும். அரே எங்கே? 28,000 ரூபாய் கொடுத்து வீட்டில் ஒரு சத்தமான ஃபேன் வாங்கியதாகத்தான் முடியும்.

ஐஸ்கஸி என்பது அதே பிளாக் பேச்சை சாதாரண நெட்வொர்க்கில் பேசுவது. 2004-இல் தரநிலையாக வந்தது, 3260 என்ற போர்ட்டில் இயங்கும். இனிஷியேட்டர் (கேட்கும் சர்வர்), டார்கெட் (தரும் ஸ்டோரேஜ்), லன், மல்டிபாத் என்ற சொற்கள் எல்லாம் ஃபைபர் சேனலில் உள்ளவைதான். இதை உங்கள் 8 ஜிபி லேப்டாப்பில் காசில்லாமல் செய்யலாம், எஸ்எஸ்டி மட்டும் இருக்கட்டும். ஒரு கம்ப்யூட்டருக்குள் பல மெஷின்களை ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு, டெஸ்க்டாப் இல்லாத டெபியன் லினக்ஸ் மெஷின் மூன்று. ஒவ்வொன்றுக்கும் 1 ஜிபி மெமரி, 10 ஜிபி டிஸ்க். ஒன்று ஸ்டோரேஜ், இரண்டு சர்வர்கள். மூன்றிலும் இன்டர்னெட்டுக்கு ஒரு கார்டு போக, ஸ்டோரேஜுக்கென்று இரண்டு நெட்வொர்க் கார்டு. முதல் கார்டுகள் 192.168.56 வரிசையிலும் இரண்டாவது கார்டுகள் 192.168.57 வரிசையிலும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே சப்நெட்டில் போட்டால் போன வழி ஒன்று, வந்த வழி ஒன்று என்று குழம்பி, ஒரு கார்டை அணைத்தால் இரண்டும் போகும்.

ஸ்டோரேஜ் மெஷினில், டார்கெட் அமைக்கும் கருவியான டார்கெட்சிஎல்ஐ நிறுவி 5 ஜிபி கோப்பு ஒன்றை டிஸ்க்காகக் காட்டச் சொல்லுங்கள். டார்கெட் ஒன்றை உருவாக்கி, அதில் லன் சேர்த்து, முதல் சர்வரின் ஐக்யூஎன் பெயருக்கு (ஐஸ்கஸியில் அந்த மெஷினின் அடையாளம்) மட்டும் அனுமதி கொடுங்கள். முதல் சர்வரில் ஓபன் ஐஸ்கஸியும் மல்டிபாத் டூல்ஸும் நிறுவி, இரண்டு முகவரியிலும் டிஸ்கவரி செய்து லாகின் ஆகுங்கள். இப்போது டிஸ்க் பட்டியலைப் பார்த்தால் ஒரே அளவில் இரண்டு புது டிஸ்க் தெரியும். இரண்டும் ஒன்றே, இரு வழியாக வந்திருக்கிறது. மல்டிபாத் இதை ஒன்றாக்கித் தர வேண்டும். டெபியனில் அப்படியே விட்டால் பெரும்பாலும் ஒன்றாக்காது. அதன் கான்ஃபிக் கோப்பில் 'ஃபைண்ட் மல்டிபாத்ஸ்' என்பதை 'யெஸ்' என்று மாற்றிச் சர்வீஸை மறுபடி தொடங்குங்கள்.

இங்கே எல்லோரும் விழும் குழிகள் சில. முதல் சர்வரை குளோன் செய்து இரண்டாவதை உருவாக்கினால் ஐக்யூஎன் பெயரும் குளோன் ஆகிவிடும். இரண்டாவது லாகின் ஆனதும் முதலாவது வெளியே தள்ளப்படும், அது திரும்ப வந்து இதைத் தள்ளும், இப்படியே போகும். டார்கெட்சிஎல்ஐ தானாகவே எல்லா முகவரியிலும் கேட்கும் ஒரு போர்ட்டலை (சர்வர்கள் வந்து சேரும் முகவரி) போட்டு வைத்திருக்கும். தனி முகவரி சேர்க்கப் போனால் பிழை வரும். பழையதை அழித்துவிட்டுச் சேர்க்க வேண்டும். பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேபில் இந்த டிஸ்க்கை எழுதும்போது 'நெட்டேவ்' என்ற ஆப்ஷனை விட்டுவிட்டால், அடுத்த பூட்டில் நெட்வொர்க் வருவதற்குள் டிஸ்க்கைத் தேடிச் சர்வர் நின்றுவிடும். எம்டியுவை 9,000 ஆக்கிப் பார்க்க ஆசை வந்தால் மூன்று மெஷினிலும் மாற்றுங்கள், பிறகு உடைக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 8,972 பைட் பிங் அனுப்புங்கள்; மீதி 28 பைட் தலைப்புக்கு. நிஜ நெட்வொர்க்கில் நடுவில் ஒரு ஸ்விட்சில் மட்டும் 1,500 என்று விட்டுவிட்டால் லாகின் ஆகும், டிஸ்க் தெரியும், பெரிய கோப்பை எழுதும்போது மட்டும் தொங்கும். சின்னப் பாக்கெட் நுழைகிறது, பெரியது நுழையவில்லை.

எல்லாம் சரியானதும் வேண்டுமென்றே கெடுங்கள். ஒரு பெரிய கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கார்டை அணையுங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும். ஓபன் ஐஸ்கஸியில் ஒரு பாதை போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளும் கால அளவு 120 நொடி என்றுதான் ஆரம்பத்தில் இருக்கும். மல்டிபாத் அதைக் குறைக்காமல் விட்டிருந்தால் எழுதும் வேலை இரண்டு நிமிடம் உறைந்து நிற்கும். 5 நொடியாகக் குறைத்துத் திரும்பச் செய்து பாருங்கள். "பாதை இரண்டு இருந்தும் ஏன் சாஃப்ட்வேர் ஹேங் ஆனது?" என்று ஆஸ்பத்திரியில் யாராவது கேட்டால் இனி உங்களிடம் பதில் இருக்கும்.

கடைசிச் சோதனை இது. அதே லன்னை இரண்டாவது சர்வருக்கும் அனுமதித்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் மவுண்ட் செய்து, இரண்டிலிருந்தும் கோப்புகள் எழுதுங்கள். ஒன்றில் எழுதியது மற்றதில் தெரியாது. கொஞ்ச நேரத்தில் பிழைகள் வரும், ஃபைல் சிஸ்டம் சோதனை ஓட்டினால் பக்கம் பக்கமாகக் கொட்டும். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற சாதாரண ஃபைல் சிஸ்டங்கள் தமக்கு மட்டுமே அந்த டிஸ்க் என்று நம்புகின்றன. இரண்டு பேர் பகிர விஎம்எஃப்எஸ், ஜிஎஃப்எஸ்2 மாதிரி கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் வேண்டும். மாஸ்கிங் ஏன் இருக்கிறது என்பதை எந்த விளக்கத்தையும்விட இந்த ஐந்து நிமிடம் நன்றாகச் சொல்லிவிடும்.

மாலை ஒரு மணி நேரம், ஞாயிறு மூன்று மணி நேரம் என்று உட்கார்ந்தால் இதற்கு ஆறேழு வாரம் ஆகும். சொற்கள் குழப்பினால் ஸ்டோரேஜ் துறையின் எஸ்என்ஐஏ அமைப்பு இலவசமாகத் தரும் அகராதி இருக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரி. தமிழ் மீடியம் என்று தயங்குகிறீர்கள். இந்த வேலையில் ஆங்கிலம் பெரும்பாலும் லாக் படிப்பதும் டிக்கெட் எழுதுவதும்தான். எத்தனை மணிக்கு, எந்த சர்வர், எந்த போர்ட், அதற்கு முன் என்ன மாற்றினார்கள் என்று நான்கு வரி எழுதத் தெரிந்தால் போதும். அதையே சரியாக எழுதாத பட்டதாரிகள் அநேகம்.

"லன் தெரியவில்லை" என்று அழைப்பு வந்தால்

இன்டர்வியூவில் நிச்சயம் வரும் கேள்வி. நல்ல பதில் வரையப் பழகிய அதே வழியைக் கீழிருந்து மேலே நடப்பதுதான்.

முதலில் ஒளி. ஸ்விட்ச் போர்ட்டில் எஸ்எஃப்பி எவ்வளவு ஒளி வாங்குகிறது என்று பார்க்கலாம். மைனஸ் 2, 3 டிபிஎம் என்றால் நலம், மைனஸ் 10-ஐ நெருங்கினால் கேபிளையோ கனெக்டரையோ சந்தேகப்படுங்கள். பாதி நேரம் எல்சி கனெக்டர் முனையில் தூசிதான். அதற்கென்று உள்ள கிளிக் கிளீனரால் துடைக்க வேண்டும், சட்டை நுனியால் அல்ல. முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும். சிஆர்சி பிழை (வழியில் சிதைந்த டேட்டா) எண்ணிக்கை இருந்தால் உடனே பதற வேண்டாம். எண்ணியைப் பூஜ்யமாக்கி அரை மணி கழித்துப் பாருங்கள். அது போன வருடத்துப் பிழையாகக்கூட இருக்கலாம்.

ஒளி சரி என்றால் லாகின். சர்வரின் கார்டு ஸ்விட்சிடம் தன்னைப் பதிவு செய்திருக்கிறதா? ஒவ்வொரு கார்டு போர்ட்டுக்கும் 16 இலக்கத்தில் டபிள்யூடபிள்யூபிஎன் என்ற அடையாளம் உண்டு. 21:00:00 என்று தொடங்கினால் பெரும்பாலும் க்யூலாஜிக் கம்பெனிக் கார்டு, 10:00:00 என்றால் பெரும்பாலும் எமுலெக்ஸ். ஸ்விட்சின் பட்டியலில் அது தெரிய வேண்டும். பிறகு ஜோன். ஒரு ஜோனில் ஒரு சர்வர் கார்டு மட்டும், அதனுடன் அரேயின் போர்ட்கள் என்பது நல்ல பழக்கம். ஒரு சர்வர் பூட் ஆகும் சலசலப்பு மற்றவற்றைத் தொடாது. புரோகேட் கம்பெனி ஸ்விட்சில் ஜோனை உருவாக்கி, கான்ஃபிகரேஷனில் சேர்த்து, சேமித்தால் மட்டும் போதாது, எனேபிள் செய்ய வேண்டும். இதில்தான் ஆபத்து: எனேபிள் செய்யும் கான்ஃபிகரேஷன் ஓடிக்கொண்டிருப்பதை முழுதாக மாற்றிவிடும். பழைய பெயரைத் தவறுதலாகக் கொடுத்தால் மற்ற சர்வர்களின் ஜோன்கள் அந்த நொடியே மறைந்துபோகும். அதனால்தான் ஸ்விட்ச் ஏ, ஸ்விட்ச் பி இரண்டையும் ஒன்றோடொன்று கேபிளால் இணைக்காமல் தனித்தனியே வைக்கிறார்கள். ஏ-இல் செய்த தவறு பி-க்குப் போகாது. ஒரே நாளில் இரண்டிலும் மாற்றம் செய்வதை நான் ஒப்பமாட்டேன்.

ஜோனும் சரி என்றால் அரேயில் மாஸ்கிங், பிறகு சர்வரில் ரீஸ்கேன், கடைசியில் மல்டிபாத். கார்டு இரண்டு, ஒவ்வொரு பக்கமும் இரண்டு கன்ட்ரோலரையும் பார்த்தால் பாதை நான்கு. மூன்று தெரிந்தால் வேலை முடியவில்லை.

85,000 ரூபாயும் அந்தச் சான்றிதழும்

பயிற்சிக்குப் பணம் கட்டுவதே தவறு என்று சொல்ல மாட்டேன். கட்டுவதற்கு முன் கேளுங்கள்: நிஜ அரேயும் ஸ்விட்சும் எத்தனை, ஒருவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கையில் கிடைக்கும், பாதியில் விட்டால் எவ்வளவு திரும்பும். மூன்றும் எழுத்தில் வேண்டும். ஒரிஜினல் சான்றிதழை எந்தக் காரணத்துக்கும் கொடுக்க வேண்டாம், பார்த்துவிட்டுத் திருப்பித் தர மட்டுமே. கட்டணப் பாக்கிக்கு அடகாக அதை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. ஏற்கெனவே முன்பணம் கட்டி ஏமாந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது பாலக்காட்டில், பெங்களூர் அலைய வேண்டாம்.

செய்யாத வேலைக்கு 2 வருட அனுபவச் சான்றிதழ் என்பது போலி ஆவணம். வேலை தரும் கம்பெனிகள் ஆள் வைத்துச் சரிபார்க்கின்றன. பி.எஃப். இருந்தால் யுஏஎன் எண்ணில் எந்தக் கம்பெனி, எந்தத் தேதி முதல் எது வரை என்று எல்லாம் இருக்கும். அதே இரண்டு வருடம் நீங்கள் கோவை ஆஸ்பத்திரியில் இருந்ததை உங்கள் சொந்தக் கணக்கே காட்டிக்கொடுக்கும். பிடிபட்டால் வேலை போவதோடு முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் போலி ஆவணத்தை உண்மையென்று பயன்படுத்துவது தனிக் குற்றம். போலிச் சான்றிதழ் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, பயன்படுத்தியவருக்கும் தண்டனை உண்டு. தம்பி, நான்கு வருட உண்மையான அனுபவத்தை மறைத்து இரண்டு வருடப் பொய்யை வாங்க 85,000 ரூபாயா?

நேரடியாக ஸ்டோரேஜ் வேலைக்குப் புதியவர்களை எடுப்பது குறைவு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பெரும்பாலானவர்கள் லினக்ஸ், விஎம்வேர், பேக்கப் பக்கமிருந்துதான் உள்ளே வருகிறார்கள். உங்களுக்கு நான் பேக்கப்பைச் சொல்வேன். வீம் என்ற பேக்கப் மென்பொருளின் கம்யூனிட்டி பதிப்பு 10 மெஷின் வரை இலவசம். லேபில் போட்டுப் பழகி, ரீஸ்டோர் செய்து காட்டும் அளவுக்கு வந்தால் இரவு ஷிப்ட் பேக்கப் வேலை கோவை, கொச்சி, பெங்களூர் எங்கும் கேட்கலாம். அங்கிருந்து ஸ்டோரேஜ் ஒரு எட்டு. நெட்ஆப்பின் என்சிடிஏ போன்ற கம்பெனிச் சான்றிதழ்கள் அதற்குப் பிறகு, முடிந்தால் கம்பெனி செலவில்.

ஆஸ்பத்திரிக்குள்

ஓடும் பெட்டியில் பழக வேண்டாம். மேனேஜரிடம் பார்க்க மட்டும் அனுமதியுள்ள மானிட்டர் கணக்கு ஒன்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் விடுங்கள், இன்ஜினியரின் பாஸ்வேர்டை எட்டிப் பார்த்து நுழையாதீர்கள். நோயாளிகளின் விவரம் இருக்கும் இடம் அது. கான்ட்ராக்ட் ஆள் என்றால் முதலில் கை காட்டப்படுவது நீங்கள்தான். அனுமதி இல்லாமலே செய்யக்கூடியதும் நிறைய: எந்தக் கேபிள் எந்த போர்ட்டிலிருந்து எங்கே போகிறது என்று தொடாமல் பார்த்து வரையுங்கள். இரண்டு பவர் கார்டும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 'எல்லாமே இரண்டு' என்பது அங்கேதான் பெரும்பாலும் பொய்யாகிறது.

அடுத்த முறை மஞ்சள் விளக்கு எரிந்து அவர் வரும்போது, டிஸ்க்கை இழுக்கும் முன் ஸ்லாட் எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அந்த டிஸ்க்கின் விளக்கை மட்டும் மினுக்கிக் காட்டும் வசதி பெட்டியில் இருக்கும், அதைப் போடச் சொல்லுங்கள். ரெய்டு 5-இல் 7-ஆவது செத்திருக்கும்போது கை தவறி 8-ஆவது வெளியே வந்தால் அந்தக் குழு மொத்தமும் நின்றுவிடும். புது டிஸ்க்கில் டேட்டாவை மறுபடி நிரப்பும் ரீபில்ட் எத்தனை சதவீதத்தில் இருக்கிறது, எப்போது முடியும் என்று கேட்டு ரிப்போர்ட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கேபிளையோ கன்ட்ரோலரையோ தொட்டிருந்தால், ஒவ்வொரு சர்வரிலும் நான்கு பாதையும் திரும்பி வந்ததைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.